வீட்டில் ஒலிப்பதிவு: கருவி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வாங்கும்போதே இலாபம் பார்க்க வேண்டும் என்பது புறக்கோட்டையில் நின்று வியாபாரம் கற்றவர்களின் பழைய பாடம். அரிசிக்கும் துணிக்கும் பொருந்தும் இப்பாடம் தொழிற் கருவிகளுக்கும் பொருந்தும். விற்பதற்காக வாங்கிய சரக்கு பிழைத்துப் போனால் கழிவு கொடுத்தாவது தள்ளிவிடலாம். தொழில் செய்வதற்காக வாங்கிய கருவி பிழைத்துப் போனால் அது மூலையில் கிடந்து முதலைத் தின்னும்.

அண்மைக் காலமாகப் பல இளைஞர்கள் வீட்டின் ஓர் அறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வருமானம் தேட முனைகின்றனர். கடைகளுக்கான விளம்பரக் குரல், முச்சக்கர வண்டியில் ஒலிக்க விடும் அறிவித்தல், முகநூல் மற்றும் யூடியூப் காணொளிகளுக்கான பேச்சு, பாடசாலைக் கலை விழாப் பாடல், இஸ்லாமிய கீதம் என்று இதற்குத் தேவை இருக்கவே செய்கிறது. முன்னொரு காலத்தில் மணித்தியாலக் கணக்கில் வாடகை கொடுத்துப் பெரிய ஸ்டூடியோவில் செய்த வேலையின் பெரும்பகுதியை இன்று ஒரு மடிக்கணனியும் கையடக்கமான ஒரு பெட்டியும் செய்துவிடுகின்றன. அந்தப் பெட்டிக்குப் பெயர் ஓடியோ இன்டர்பேஸ். மகனுக்கோ தம்பிக்கோ முதல் கொடுக்கப் போகும் வியாபாரிகளும், தமது கடை விளம்பரத்தைத் தாமே பதிவுசெய்ய நினைப்பவர்களும் அதை எப்படித் தெரிவு செய்வது என்பதே இவ்வாரப் பாடமாகும்.

இது செய்யும் வேலை என்ன?

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிக மெல்லியது. ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. இன்டர்பேஸ் முதலில் அதைப் பெருக்குகிறது. பின்பு அதைக் கணனிக்கு விளங்கும் எண்களாக மாற்றி யூஎஸ்பி வயர் வழியாக அனுப்புகிறது. கணனியிலிருந்து திரும்பி வரும் எண்களை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை.

மடிக்கணனியிலேயே மைக் துளை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அத்துளை தொலைபேசி உரையாடல் போன்ற தேவைக்காக வைக்கப்பட்டது. கணனியின் உள்ளே ஓடும் மின்சுற்றுகளின் இரைச்சலும் அதனோடு கலந்து வரும். காசு வாங்கிச் செய்து கொடுக்கும் வேலைக்கு அது போதாது.

முதற் கேள்வி: ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

இன்டர்பேஸின் விலையைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு அதிலுள்ள மைக் உள்ளீடுகளின் எண்ணிக்கைக்கு உண்டு. ஒரு மைக், இரண்டு மைக், நான்கு, எட்டு என்று ஏற ஏற விலையும் ஏறும். பணம் வீணாவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "பிறகு தேவைப்படும்" என்று எட்டு உள்ளீடு வாங்கியவர் வருடக்கணக்கில் ஒன்றை மட்டும் பாவித்துக்கொண்டிருப்பார்.

விளம்பரக் குரலுக்கு ஒரு மைக் போதும். ஒருவர் பாட, மற்றொருவர் கீபோட் வாசிப்பதாயிருந்தாலும் இருவரையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் கீபோட் இசையைப் பதிந்து, அதை ஹெட்போனில் கேட்டவாறே பாடகர் பாடினால், இரண்டும் தனித்தனித் தடங்களாகக் கணனியில் சேரும். கோரஸ் பாடும் நால்வரையும் இப்படியே ஒவ்வொருவராகச் சேர்க்கலாம். பெரிய ஸ்டூடியோக்களும் இதே முறையைத்தான் கையாளுகின்றன.

சேர்ந்தே பதிய வேண்டிய வேலைகளும் உண்டு. றபான் அடித்துப் பாடும் குழுவைத் தனித்தனியே பிரித்தால் பாட்டின் உயிர் போய்விடும். இருவர் கேள்வி பதிலாகப் பேசும் நேர்காணலும் அவ்வாறே. நேர்காணலுக்கு ஆளுக்கொரு மைக் வேண்டும். றபான் குழுவுக்கு முதற்பாடகருக்கு ஒன்று, குழுவின் முன்னால் சற்றுத் தள்ளி ஒன்று என்று இரண்டு மைக்குகள் வைத்தால் சமாளிக்கலாம். ஆகவே வீட்டில் தொடங்கும் பெரும்பாலானோருக்கு இரண்டு உள்ளீடு என்பதே சரியான அளவு. எட்டு உள்ளீடு வேண்டியவர், முழு இசைக்குழுவையும் ஒரே அறையில் அமர்த்திப் பதிபவர் மட்டுமே. அவ்வளவு பெரிய அறை வீட்டில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் மேல் "2 உள்ளீடு" என்று போட்டிருந்தால் இரண்டும் மைக் உள்ளீடு என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்று மைக்குக்கும் மற்றது கிட்டார் அல்லது கீபோட்டுக்கும் என்று இருக்கலாம். மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் பிளக் நுழையும் துளைகள் எத்தனை என்று கண்ணால் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

"இது 192 கிலோஹேர்ட்ஸ், அது வெறும் 48" என்று கடையில் சொல்வார்கள். அந்த எண்ணின் பொருளை விளங்கிக்கொண்டால் பணம் மிஞ்சும். ஒரு செக்கனில் ஒலியை எத்தனை தடவை அளக்கிறது என்பதையே அது காட்டுகிறது. மனிதக் காது கேட்கும் உச்ச அளவு ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ். அதற்குச் சற்றே கூடுதலாக இருமடங்கு வேகத்தில் அளந்தால் போதும். அதனால்தான் 1982இல் விற்பனைக்கு வந்த சீடி 44.1 கிலோஹேர்ட்ஸில் அமைந்தது. காணொளிகளுக்கு 48 பாவிக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்கப் போவது கைத்தொலைபேசியிலும் முச்சக்கர வண்டி ஒலிபெருக்கியிலும் என்றிருக்கும்போது 192க்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

அதற்கு மாறாக அதில் செலவும் இருக்கிறது. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மைக்கை ஒரு நிமிடம் பதிந்தால் ஏறத்தாழ 8.6 மெகாபைட் இடம் பிடிக்கும். அதையே 192இல் பதிந்தால் நான்கு மடங்கு, அதாவது 34 மெகாபைட்டுக்கு மேல். ஹார்ட் டிஸ்க் விரைவில் நிரம்பும், கணனியும் திணறும்.

பார்க்க வேண்டிய எண் 24 பிட் என்பதுதான். 16 பிட்டில் பதிபவர் ஒலியளவை உச்சத்துக்கு மிக நெருக்கமாக வைத்தாக வேண்டும். பாடகர் திடீரெனக் குரலை உயர்த்தினால் ஒலி வெடித்துப் பதிவு பாழாகும். 24 பிட்டில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் இருக்குமாறு தாராளமாக இடம் விட்டுப் பதியலாம். பிறகு கணனியில் உயர்த்தினாலும் இரைச்சல் தெரியாது.

மைக்குக்கும் பெட்டிக்கும் பொருத்தம்

மைக்குகளில் இரு பெரும் வகைகள் உள்ளன. கண்டென்சர் மைக்குக்கு இன்டர்பேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். பெட்டியில் "48 வோல்ட்" என்று ஓர் ஆளி இருக்கிறதா என்று பாருங்கள். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. மேடைகளில் நாம் அடிக்கடி காணும் ஷூர் எஸ்எம்58 இந்த வகையைச் சேர்ந்தது. 1966இல் வந்த அந்த மைக் இன்றும் விற்பனையாகிறது.

கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். அறையின் எதிரொலி, மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். டைனமிக் மைக் வாய்க்கு அருகிலுள்ள ஒலியையே பெரிதும் எடுக்கும். வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையுமாக உள்ள அறையில் தொடங்குபவருக்கு டைனமிக் மைக்கே பாதுகாப்பானது.

ஆனால் டைனமிக் மைக்கின் ஒலி மெல்லியது. அதைப் பெருக்கும் ஆற்றல் பெட்டியில் இருக்க வேண்டும். ஒலிபரப்பாளர்கள் விரும்பும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் வேண்டும். போகஸ்றைட் நிறுவனத்தின் ஸ்கார்லட் 2ஐ2 கருவியின் மூன்றாம் தலைமுறை 56 டெசிபல் கொடுத்தது. 2023இல் வந்த நான்காம் தலைமுறை 69 டெசிபல் கொடுக்கிறது. ஒரே பெயரில் உள்ள பழைய சரக்குக்கும் புதிய சரக்குக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. பெயரை மட்டும் கேட்டு விலை பேசுபவர் இதைத் தவற விடுவார்.

தாமதமும் டிரைவரும்

பாடகர் தன் குரலை ஹெட்போனில் கேட்கும்போது அது சற்றுப் பிந்தி வந்தால் தாளம் தவறிவிடும். ஒலியைக் கணனி சிறு சிறு கட்டுகளாகக் கையாளுவதே இதற்குக் காரணம். 44.1 கிலோஹேர்ட்ஸில் ஒரு கட்டு 128 மாதிரிகளாயின் ஏறத்தாழ 3 மில்லி செக்கன், 1024 ஆயின் 23 மில்லி செக்கன் பிந்தும். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சேர்த்தால் இது இரட்டிக்கும். இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. மைக் ஒலியைக் கணனிக்குப் போகாமல் நேரே ஹெட்போனுக்குக் கொடுக்கும் "டைரக்ட் மொனிட்டர்" ஆளி உள்ள பெட்டியை வாங்குவது ஒன்று. நல்ல டிரைவர் உள்ள பெட்டியை வாங்குவது மற்றையது.

டிரைவர் என்பது பெட்டியும் விண்டோஸும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருள். இசைப் பதிவுக்கென ஸ்டைன்பேர்க் நிறுவனம் உருவாக்கிய ஏசியோ என்ற முறையே விண்டோஸில் வழக்கிலுள்ளது. தமக்கெனத் தனி ஏசியோ டிரைவர் உள்ள கருவிகளும் உண்டு, பொதுவான இலவச டிரைவரில் ஒட்டி ஓடும் கருவிகளும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எனவே வாங்கப் போகும் கருவிக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்பதை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் பார்த்த பின்பே பணத்தை எடுங்கள்.

சந்தையில் உள்ள சில கருவிகள்

மிகக் குறைந்த முதலுடையவர்க்கு பெரிங்கர் யூஎம்சி22, எம்-ஓடியோ எம்-ட்ராக் சோலோ போன்றவை உள்ளன. இரண்டிலும் மைக் உள்ளீடு ஒன்றுதான். 48 கிலோஹேர்ட்ஸ் வரை பதியும். விளம்பரக் குரலுக்கு இவை போதும். யூஎம்சி22க்குத் தனி ஏசியோ டிரைவர் இல்லை என்பது அதன் குறை.

அதற்கு அடுத்த படியில் பெரிங்கர் யூஎம்சி 202எச்டி உள்ளது. இரண்டு மைக் உள்ளீடு, 24 பிட், சொந்த டிரைவர் என்று விலைக்கு நிறைவான சரக்கு அது. ஸ்டைன்பேர்க் யூஆர்12 ஒரு மைக் உள்ளீடு உடையது. ஸ்கார்லட் வரிசையில் சோலோவுக்கு மைக் உள்ளீடு ஒன்று, 2ஐ2க்கு இரண்டு. ஓடியன்ட் ஈவோ 4 என்பதும் இரண்டு மைக் உள்ளீடு உடையது. பொத்தானை அழுத்திவிட்டுப் பாடினால் ஒலியளவைத் தானே சரிசெய்துகொள்ளும். தனியாக இருந்து பதிபவருக்கு அது நல்ல வசதி.

இவை யாவும் யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுப்பவை. மின்வெட்டு வந்தாலும் மடிக்கணனியின் பற்றரியில் வேலை நடக்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பல மணித்தியாலங்கள் மின்சாரமின்றித் தொழில் செய்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

"லைவ் சவுண்ட் கார்ட்" என்ற பெயரில், வீ8 போன்ற மலிவான பெட்டிகள் பல வண்ண விளக்குகளோடு விற்கப்படுகின்றன. கைதட்டல், சிரிப்பு போன்ற ஒலிகளை நேரலையில் சேர்த்து விளையாட அவை உதவும். காசுக்குச் செய்யும் பதிவுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

இன்டர்பேஸே தேவைப்படாதவர்கள்

கடையின் சொந்த விளம்பரத்தைப் பேசிப் பதிய மட்டும் விரும்புபவர், நேரே கணனியில் பொருத்தும் நல்ல யூஎஸ்பி மைக் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சொற்பொழிவு, திருமண வைபவம் என்று வெளியிடங்களுக்கும் போய்ப் பதிபவருக்கு ஸூம் எச்4 வகைக் கையடக்கப் பதிவுக் கருவி உகந்தது. அதில் எக்ஸ்எல்ஆர் மைக் இரண்டைப் பொருத்தலாம், வீட்டுக்கு வந்ததும் யூஎஸ்பி வயரால் கணனியோடு இணைத்து இன்டர்பேஸாகவும் பாவிக்கலாம். ஒரு முதலில் இரண்டு வேலை.

முதலைப் பிரிக்கும் கணக்கு

இனி வியாபாரிகளுக்குப் பிடித்த பகுதிக்கு வருவோம். கணனி கையில் இருக்க, ஒருவர் 150,000 ரூபாவுடன் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கீழே வருவது சந்தை விலையல்ல, பிரிக்கும் முறையைக் காட்டும் உதாரணம்.

இன்டர்பேஸுக்கு 45,000. மைக்குக்கு 40,000. காதை முழுதாக மூடும் ஹெட்போனுக்கு 15,000. ஸ்டாண்ட், வயர், மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலை ஆகியவற்றுக்கு 15,000. அறைக்கான கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு ஆகியவற்றுக்கு 20,000. பதிவுகளைப் பிரதியெடுத்து வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு 15,000. மொத்தம் 150,000.

ஒரு வேலைக்குச் செலவு போக 2,500 ரூபா மிஞ்சினால் 60 வேலையில் முதல் திரும்பும். மாதம் 5 வேலை கிடைத்தால் 12 மாதம். இதே மனிதர் எட்டு உள்ளீடு மோகத்தில் இன்டர்பேஸுக்கு மட்டும் 150,000 கொடுத்து, மற்றவற்றையும் வாங்கினால் முதல் 255,000 ஆகிறது. அப்போது 102 வேலை, அதாவது 20 மாதத்துக்கு மேல். கூடிய அந்த 105,000 ரூபாவுக்காக வாடிக்கையாளர் ஒரு ரூபாவும் கூடத் தர மாட்டார். விளம்பரத்தைக் கேட்பவருக்கு எந்தப் பெட்டியில் பதிந்தது என்று தெரியாது. அறை எதிரொலிக்கிறதா, மின்விசிறி இரைகிறதா, சொல் தெளிவாக விளங்குகிறதா என்பதே காதில் விழும். அவற்றுக்குப் பரிகாரம் பெட்டியில் இல்லை, அறையில் இருக்கிறது.

அறைக்காகப் பெரும் செலவும் வேண்டாம். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கத்தால் பயன் மிகக் குறைவு. தடித்த பஞ்சுப் போர்வையும் மெத்தையும் அவற்றைவிடப் பல மடங்கு உதவும். துணிக்கடை வைத்திருப்பவரிடம் நல்லதொரு பதிவறை ஏற்கெனவே இருக்கிறது. துணிக் கட்டுகள் கூரை வரை அடுக்கிய களஞ்சிய அறையில் நின்று கைதட்டிப் பாருங்கள். எதிரொலி வராது. கடை மூடிய பின் வீதியும் அடங்கியிருக்கும் நேரத்தில் அங்கேயே பதியலாம்.

மென்பொருளுக்கும் திருட்டுப் பிரதி தேட வேண்டிய அவசியமில்லை. ஓடாசிட்டி முற்றிலும் இலவசம். ரீப்பர் மென்பொருளை 60 நாட்கள் பரீட்சித்துப் பார்த்த பின் சிறு தொழில் செய்பவர் 60 டொலருக்கு அனுமதி பெறலாம். புதிய இன்டர்பேஸ்களோடு ஏதேனுமொரு மென்பொருளும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

எங்கே, எப்படி வாங்குவது?

முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டியிலும் விலை விசாரித்த பின் வெளிநாட்டு இணையத்தள விலையோடு ஒப்பிடுவது நல்ல வழக்கம். ஆனால் ஒப்பீடு முறையாக இருக்க வேண்டும். ஸ்கார்லட் 2ஐ2 நான்காம் தலைமுறை 2023இல் அமெரிக்காவில் 200 டொலர் அளவில் அறிமுகமானது. அதை ரூபாவாக மாற்றிவிட்டு "இங்கே கொள்ளை விலை" என்று சொல்வது நியாயமல்ல. அனுப்பும் கூலி, இறக்குமதி வரிகள், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதன் மேல் ஏறும். எல்லாம் கூட்டிய பின்னும் பெரிய இடைவெளி இருந்தால் மட்டுமே வெளியிலிருந்து தருவிப்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பழுதானால் யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி நிற்கும்.

உத்தரவாதத்தின் சொற்களைக் கவனியுங்கள். "கடை உத்தரவாதம்" என்பது வேறு, உற்பத்தியாளரின் முகவர் தரும் உத்தரவாதம் என்பது வேறு. எத்தனை மாதம், திருத்தித் தருவார்களா மாற்றித் தருவார்களா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கருவியின் தொடர் இலக்கமும் அதில் இருக்கட்டும்.

பாவித்த கருவி வாங்குவதில் தவறில்லை. ஆனால் பயர்வயர் இணைப்புள்ள பழைய பெட்டிகள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அந்தத் துளை இன்றைய கணனிகளில் இல்லை. யூஎஸ்பி பெட்டியாயின் உங்கள் கணனியையும் ஒரு மைக்கையும் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு உள்ளீட்டிலும் மைக்கைப் பொருத்திப் பேசுங்கள். திருகிகளைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, வயரை அசைத்தால் இணைப்பு அறுகிறதா, 48 வோல்ட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து பதிந்து கேளுங்கள். "எல்லாம் சரி நானா, நம்பி எடுங்கோ" என்பவர் இந்தப் பத்து நிமிடத்தைத் தர மறுத்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னுமொன்று. இவை டொலரில் வரும் சரக்கு. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. அன்று கருவி பழுதானவர் கிட்டத்தட்ட இரு மடங்கு கொடுத்தே மறு கருவி வாங்க நேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு வேலையின் வருமானத்திலிருந்தும் கருவித் தேய்மானத்துக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். வாங்கிய விலையை மட்டும் கணக்கில் வைத்துக் கட்டணம் குறிப்பவர் கருவி பழுதாகும் நாளில் தொழிலையே மூட வேண்டி வரும்.

முடிவாக, கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மைக், எந்த வகை மைக், கணனியில் எந்த விண்டோஸ், மொத்த முதலில் பெட்டிக்கு எவ்வளவு, முதல் திரும்ப எத்தனை வேலை. ஐந்துக்கும் விடை எழுத முடிந்தால் விற்பனையாளர் எதைச் சொன்னாலும் தடுமாற மாட்டீர்கள். ஐந்தாவது வரிக்கு விடை வராவிட்டால் இந்த மாதம் வாங்க வேண்டாம். கையிலிருக்கும் தொலைபேசியிலேயே அக்கம்பக்கக் கடைகள் இரண்டுக்கு விளம்பரம் பதிந்து கொடுத்துப் பாருங்கள். காசு கொடுத்து மூன்றாவது ஆள் தேடி வந்தால், அன்று பெட்டி வாங்கலாம்.